பொங்கலுக்குப் பிள்ளைகள் யார் வீட்டில்?

கடிதத்தின் சுருக்கம் (அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன)

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 38. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. பிள்ளைகள் தாயிடம் இருப்பது, தந்தை மாதம் 20,000 ரூபாய் தருவது, ‘பள்ளி விடுமுறைகளில் பாதி நாட்கள்’ பிள்ளைகள் தந்தையோடு இருப்பது என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. தந்தை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பொங்கலையொட்டித்தான் ஊருக்கு வருவார்.

முதல் பொங்கலுக்கு அவர் வரவில்லை. போன பொங்கலுக்கு வாசகி ஒரு பகல் மட்டும் பிள்ளைகளை அனுப்பினாராம். தேவகோட்டைப் பக்கம் இருக்கும் தந்தை குடும்பத்துப் பெரிய வீட்டில், வளவு (உள்முற்றம்) நெடுக அடுப்புப் போட்டு, புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒரு பானை வைத்துப் பொங்குவார்கள். அங்கே யாரோ ஒருவர் “உங்க அம்மா வரலையாத்தா?” என்று கேட்டுவிட, சின்னவள் சாயங்காலம் அழுதுகொண்டே திரும்பியிருக்கிறாள்.

இந்த வருஷம் அவர் அனுப்பிய குரல் செய்தி: “தீபாவளி, காலாண்டு லீவு எல்லாம் உங்கிட்டதானே இருந்தாங்க. அந்தப் பாக்கியையும் சேர்த்து, போகியிலேர்ந்து காணும் பொங்கல் முடியப் பெரிய வீட்டுல விடு.” மே மாதம் சிங்கப்பூருக்கு அழைத்துப் போக பாஸ்போர்ட்டும் கேட்கிறார். ஆனால் நான்கு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. அதனால் வாசகியும் அவருடைய வீடியோ அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டார். இதற்கிடையில் மாமியார் போன் செய்து, “அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளை அனுப்பு ஆத்தா. பொங்கலுக்கு நீயும் வந்து ஒரு பானை வை. யாரு என்ன சொன்னா என்ன?” என்கிறாராம்.

வாசகி எழுதுகிறார்: “மகன் அப்பச்சி (அப்பா) கூடப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். மஞ்சுவிரட்டு பாக்கணுமாம். பிள்ளையார் நோன்புக்கு ‘இந்தத் தடவ இழை (மாவுப் பிள்ளையாரில் ஏற்றும் நூல் திரி) யாரும்மா எடுத்துத் தருவா’ன்னு மக கேக்குறா. பொங்கல் சீசன்ல எனக்குக் கடையில லீவு கிடையாது. அவர் வாங்கித் தர்ற மாதிரி நானும் வாங்கித் தரணும்னு ரெண்டு வளையல அடகு வைக்கலாம்னு இருக்கேன். காசு தராதவருக்குப் பிள்ளைகள எதுக்கு அனுப்பணும்? ஒரு தடவ அனுப்பிட்டா அப்படியே வச்சுக்குவாங்கன்னு பயமா இருக்கு. பையனுக்குப் பன்னெண்டு ஆயிட்டா அப்பா கேட்டாக் கொடுத்துடணும்னு வேற சொல்றாங்க. புருஷன் இல்லாம தனியாப் பானை வைக்கக்கூடாதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. இந்தப் பண்டிகை முடிஞ்சாப் போதும், அப்புறம் நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.”

பதில்

அன்புள்ள ஆச்சி,

சட்டம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத் தாண்டி என்னால் உடனே சட்டத்துக்குப் போக முடியவில்லை. அதை அலுப்பில் எழுதினீர்களோ, நிஜமாகவே அப்படித் தோன்றுகிறதோ எனக்குத் தெரியாது. தோன்றுகிறது என்றால் இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் அரசு நடத்துவது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் உங்கள் அண்ணனோ, ஆத்தாவோ, கடையில் கூட வேலை பார்க்கும் ஒருவரோ, யாராவது ஒருவருக்கு இந்த நினைப்பு தெரிந்திருக்க வேண்டும். இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுவது, தூங்குவது, பள்ளிக்கூடம் போவது எல்லாம் உங்களை நம்பித்தான் நடக்கிறது. பெரிய வீட்டுப் பொங்கல் வருஷத்தில் ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் உங்கள் சமையலறையில்தான் விடிகிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

காசு வராததால் பிள்ளைகளை நிறுத்தலாமா?

கூடாது. உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் ஜீவனாம்சம் வேறு, பிள்ளைகள் தந்தையைப் பார்ப்பது வேறு. தீர்ப்பில் இரண்டும் தனித்தனி. அவர் ஒன்றை மீறினார் என்பதற்காக நீங்கள் இன்னொன்றை மீறினால், நாளைக்கு நீதிபதி முன்னால் இரண்டு பேருமே தீர்ப்பை மீறியவர்களாக நிற்பீர்கள். இன்றைய தேதியில் தப்பு அவர் பக்கம் மட்டும் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்ப மறுத்தால் அவர் நிறைவேற்று மனு (தீர்ப்பில் உள்ளதை நடத்தித் தரக் கேட்கும் மனு) போடலாம். நீதிமன்ற அவமதிப்பு என்றும் கிளப்பலாம். அதைவிட முக்கியம், ‘தாய் பிள்ளைகளைத் தந்தையிடமிருந்து பிரிக்கிறார்’ என்ற பேச்சு கோப்பில் ஏறிவிட்டால், பின்னாளில் காவல் உரிமை (பிள்ளைகளை வைத்து வளர்க்கும் உரிமை) பற்றிய எந்த வழக்கிலும் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். வீடியோ அழைப்பை எடுக்காமல் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். பிரிந்த பெற்றோரில் யாரிடம் பிள்ளை இல்லையோ, அவரோடு போனிலும் வீடியோவிலும் பேசிப் பழகப் பிள்ளைக்கு வழி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு யஷிதா சாஹு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இன்று இரவே அழைப்பை எடுக்க விடுங்கள். நீங்கள் பேச வேண்டாம். போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

பாக்கிப் பணத்துக்குத் தனி வழி இருக்கிறது. தீர்ப்பு கொடுத்த நீதிமன்றத்திலேயே நிறைவேற்று மனு போடலாம். அவர் சிங்கப்பூரில் இருந்தாலும், இங்கே அவர் பேரில் உள்ள வங்கிக் கணக்கு, நிலம் போன்றவற்றின் மேல் நடவடிக்கை கேட்கலாம். விவாகரத்துத் தீர்ப்பிலேயே தொகை எழுதியிருப்பதால் நான்கு மாதப் பாக்கி கைநழுவிப் போகாது. ஒருவேளை தனியாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவில் (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவு) ஜீவனாம்ச உத்தரவும் வாங்கியிருந்தால், அந்தப் பாக்கிக்கு, தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். உங்கள் கையில் இருப்பது எந்த உத்தரவு என்று முதலில் எடுத்துப் பாருங்கள். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு, சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இல்லாவிட்டால் சிவகங்கையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தாலும் போதும்.

பன்னிரண்டு வயதானால் அப்பாவுக்கா?

அப்படி ஒரு சட்டமே கிடையாது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் வயது குறித்து இருப்பதெல்லாம், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அதற்கு மேல் போனால் தந்தைக்குத் தானாகப் போய்விடும் என்று எங்கும் எழுதவில்லை. பிள்ளையின் நலமே எல்லாவற்றுக்கும் மேல் என்றுதான் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையாக இருந்தால் நீதிபதி அதன் விருப்பத்தையும் கேட்கலாம். பல நேரம் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியறையில் கேட்பார்கள். கேட்பார்களே தவிர, அது மட்டுமே தீர்ப்பாகிவிடாது.

ஒரு தடவை அனுப்பினால் அப்படியே வைத்துக்கொள்வார்கள் என்ற பயத்துக்கும் பதில் தீர்ப்பில்தான் இருக்கிறது. காவல் உங்களிடம் என்று எழுதியிருக்கிறது. அனுப்புகிற நாளும் திரும்புகிற நாளும் எழுத்தில் இருந்து, சொன்னபடி திருப்பி அனுப்பாவிட்டால் மறுநாளே நீதிமன்றத்தை நாடலாம். தீர்ப்புப்படி விடுமுறைக்குப் போய்விட்டு வருவதால் காவல் உரிமை யாருக்கும் மாறுவதில்லை.

மகன் அப்பச்சியோடு போகிறேன் என்கிறான். அதை உங்களுக்கு எதிரான வாக்காக எண்ணி ராத்திரி முழுக்க அழாதீர்கள். வருஷம் முழுக்க ஒரு சின்ன வாடகை வீட்டில், நீங்கள் கடையிலிருந்து வரும்வரை தங்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவன் அவன். நான்கு நாள் பெரியப்பா மகன்களோடு வளவில் ஓடி விளையாட ஆசைப்படுகிறான். அந்த ஆசையை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறான் என்பது நீங்கள் வளர்த்த முறைக்குக் கிடைத்த நல்ல செய்தி. இந்த மாதிரி வீடுகளில் ஆத்தா மனசு நோகும் என்று ஆசையை விழுங்கிவிடும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

‘பாதி’ என்றால் எந்தப் பாதி?

உங்கள் சண்டையின் வேர் இந்த ஒரு சொற்றொடரில் இருக்கிறது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று ‘விடுமுறைகளில் பாதி’ என எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் பாதியா, வருஷத்து மொத்த நாளில் பாதியா, பண்டிகை நாள் யாருக்கு, அவர் ஊரில் இல்லாத விடுமுறைக்கு என்ன கணக்கு, ஒன்றும் இருப்பதில்லை. அவர் பாக்கி கேட்பது முழுக்க அடாவடி என்று சொல்ல மாட்டேன். அந்த வரியை அப்படியும் படிக்கலாம். ஆனால் நான்கு நாளையும் ஒரே மூச்சாகக் கேட்பதற்கு அந்த வரி இடம் தரவும் இல்லை.

நானாக இருந்தால் இந்த வருஷம் இப்படிப் பிரிப்பேன்.

பிள்ளையார் நோன்பு உங்களோடு. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கழித்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் வருவது. அப்போது அவர் ஊரிலேயே இல்லை. ஆகவே இதில் தகராறுக்கு இடமில்லை. இழை யார் எடுத்துத் தருவார் என்று மகள் கேட்டதில் எனக்கு நெஞ்சு கனத்தது. அவளுக்கு வேண்டியது, பழைய மாதிரியே வரிசையில் நின்று, மாவில் பிடித்த பிள்ளையாரைச் சுடரோடு கையில் வாங்கி வாயில் போட்டுக்கொள்வது. உங்கள் அப்பச்சியோ அண்ணனோ இருக்கும் வீட்டுக்கு அன்று மாலை மூவரும் போய்விடுங்கள். ‘ஐயா எடுத்துத் தருவாங்க’ என்று இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள். புது வேட்டியிலிருந்து தினம் ஒரு நூலாக எடுத்துச் சேர்ப்பது வழக்கம்தானே? அந்த வேலையை இந்த வருஷம் அவள் கையில் கொடுங்கள். இருபத்தொரு நாளும் அவளுக்கு எதிர்பார்க்க ஒன்று இருக்கும்.

அரையாண்டு லீவில் மாமியார் கேட்பதை நல்ல மனசோடு பாருங்கள். தீர்ப்பு தந்தையைப் பற்றித்தான் பேசுகிறது, அப்பத்தாவைப் பற்றி இல்லை. ஆகவே அனுப்பியே தீர வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. ஆனாலும் அனுப்பலாம் என்பதே என் யோசனை. நீங்கள் காலையில் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருகிறீர்கள். அதுவரை இரண்டு பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட, சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தா வீடு எத்தனையோ மேல். சின்னவள் ராத்திரியில் உங்களைத் தேடுவாள் என்றால் முதலில் இரண்டு இரவு மட்டும் அனுப்பிப் பாருங்கள். ‘இந்த நாட்கள் தந்தையின் பங்கில் சேரும்’ என்று அவருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டு, சரி என்று பதிலும் வாங்கிவிடுங்கள். அவர் சொல்லும் பாக்கிக் கணக்கும் இதில் குறையும்.

பொங்கலில், தை முதல் நாள் பெரிய வீட்டுக்கு. அவர் வருவதே அதற்காகத்தான், பிள்ளைகளுக்கும் அங்கேதான் கொண்டாட்டம். போகி மாலை விட்டுவிட்டு, மாட்டுப் பொங்கலன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அழைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் தை முதல் நாள் உங்களோடு. இப்படி மாறி மாறி வரும் என்று இப்போதே எழுதிவிட வேண்டும். ‘இந்தத் தடவை விட்டுக்கொடுத்தேன்’ என்று மனசுக்குள் வைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் அதற்கு ஒரு ஆதாரமும் இருக்காது.

மஞ்சுவிரட்டு மகனுடைய தனி ஆசை. சிராவயலில் தை 3ஆம் தேதி நடக்கும். அந்த ஒரு நாள் மகன் மட்டும் அப்பச்சியோடு போய் வரட்டும். சின்னவள் வேண்டாம். ஒரு நிபந்தனையை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: மேடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பொட்டலுக்குள்ளும் வயல் பக்கமும் இறங்கக்கூடாது. தொழுவுக்கு வெளியே வயல்காட்டில் மாட்டை அவிழ்த்துவிடுவது அங்கே சாதாரணம். வேடிக்கை பார்க்க வந்தவர்களே மாடு முட்டிச் செத்திருக்கிறார்கள். பிள்ளையின் பத்திரத்துக்காக ஒரு தாய் கேட்கும் இந்த நிபந்தனையை எந்த நீதிபதியும் தடங்கல் என்று நினைக்க மாட்டார்.

அவருக்கு அனுப்ப ஒரு வாசகம் எழுதித் தருகிறேன். பழைய கதை ஒன்றும் இதில் சேர்க்காதீர்கள்.

“போகி அன்று மாலை 5 மணிக்குப் பிள்ளைகளைப் பெரிய வீட்டில் விடுகிறேன். மாட்டுப் பொங்கல் அன்று மதியம் 3 மணிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். தை 3 அன்று மகனை மட்டும் மஞ்சுவிரட்டுக்கு அழைத்துப் போகலாம். மேடையிலிருந்து மட்டும் பார்க்க வேண்டும். இருட்டுவதற்குள் வீட்டில் விட வேண்டும். அடுத்த வருஷம் தை முதல் நாள் பிள்ளைகள் என்னோடு. சம்மதமா என்று எழுதவும்.”

ஜீவனாம்சப் பாக்கியை இதே செய்தியில் கேட்காதீர்கள். அது தனியாக, வேறொரு நாளில், தொகையும் மாதமும் குறிப்பிட்டுப் போகட்டும். இந்தச் செய்திகளைப் பிள்ளைகள் வாயிலாகச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். ‘அப்பச்சிகிட்ட பணம் கேளு’ என்று ஒரு எட்டு வயசுப் பிள்ளை தூது போகும்போது, அவளுக்குப் பொங்கல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

“நீயும் வந்து பானை வை”

உங்கள் மாமியார் பெரிய மனசுக்காரர். விவாகரத்துக்குப் பிறகும் ‘ஆத்தா’ என்று கூப்பிட்டுப் பேசுகிற உறவு எத்தனை பேருக்கு வாய்க்கிறது? அந்த உறவை விட்டுவிடாதீர்கள். இருந்தாலும், இந்த வருஷம் அங்கே தங்கிப் பானை வைப்பது வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊர் பேசும் என்பதற்காகச் சொல்லவில்லை. “உங்க அம்மா வரலையாத்தா” என்ற ஒரு கேள்விக்கே அழுத பிள்ளை, அப்பச்சியையும் அம்மாவையும் ஒரே வளவில் அடுத்தடுத்த அடுப்பில் பார்த்தால் என்ன நினைத்துக்கொள்வாள்? மறுபடி எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நம்புவாள். மாட்டுப் பொங்கல் முடிந்து நீங்கள் கிளம்பும்போது அவளுக்கு அந்த விவாகரத்து இன்னொரு தடவை நடக்கும்.

அதற்குப் பதிலாக, அழைத்துக்கொள்ளப் போகும்போது உள்ளே போங்கள். வாசலிலேயே நின்று ஹாரன் அடிக்காதீர்கள். முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, மாமியாரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புங்கள். பெரியவர்கள் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேரம் பிள்ளைகளுக்குப் போதும். முன்கூட்டியே மாமியாரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: யாராவது சின்னவளிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டால் அவரே முந்திக்கொண்டு, ‘அவ அம்மா நாளைக்கு வர்றா’ என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளை பதில் சொல்லத் திணறும் நிலை வரக்கூடாது.

அனுப்பும்போது பையில், சளிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, எத்தனை மில்லி என்று எழுதிய சீட்டு, சின்னவள் கட்டிப்பிடித்துத் தூங்குகிற துணியோ தலையணையோ வையுங்கள். இருவருக்கும் உங்கள் போன் நம்பர் மனப்பாடமாக இருக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு முறை மட்டும் கூப்பிடுங்கள். ‘சாப்பிட்டியா, என்ன விளையாடினே’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘அம்மா இல்லாம இருக்கியா’ என்று கேட்டுவிட்டால், சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையும் அழும்.

வளையலை அடகு வைக்காதீர்கள். வருஷத்தில் பத்து நாள் வருகிறவர் வாங்கித் தருவதும், முந்நூற்றைம்பது நாள் கூட இருக்கிறவர் வாங்கித் தருவதும் ஒன்றாக இருக்க முடியாது. அவர் சைக்கிள் வாங்கித் தந்தால் வாங்கிக்கொள்ளட்டும். அது உங்கள் பிள்ளைக்கு வரும் சைக்கிள். போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கூட்டிப் போய், கரும்பும் மஞ்சள் கொத்தும் அவர்களையே பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். உங்களோடு இருக்கும் பொங்கலுக்கு அது போதும்.

பாஸ்போர்ட்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போடுவதுதான் பொது நடைமுறை. ஆகவே உங்கள் கையெழுத்துக்கு மதிப்பிருக்கிறது. அவர் பிள்ளைகளை அங்கேயே வைத்துக்கொள்வார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோய் வைத்துக்கொள்வது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் ஒரு சிக்கல் வந்துவிட்டால் வெளிநாட்டிலிருந்து பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது நீண்ட வேலை. மே மாதப் பயணத்துக்கு மறுக்க வேண்டாம், நீதிமன்ற அனுமதியோடு போகட்டும் என்று சொல்லுங்கள். போக வர டிக்கெட், அங்கே தங்கும் முகவரி, திரும்பும் தேதி, திரும்பியதும் பாஸ்போர்ட்டுகளை உங்களிடம் ஒப்படைப்பது, இவற்றை அவர் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யட்டும். நல்லெண்ணம் உள்ளவருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. நான்கு மாதமாகப் பணம் அனுப்பாதவர் மே மாதச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிறார் என்பதை நீதிபதியும் கவனிப்பார்.

பிள்ளைகள் இல்லாத தை முதல் நாள்

புருஷன் இல்லாமல் பானை வைக்கக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். பெரிய வீட்டில் குடும்பத்துக்கு ஒரு பானை வைக்கிறார்கள். நீங்களும் இரண்டு பிள்ளைகளும் ஒரு குடும்பம். தீர்ப்பே அப்படித்தான் சொல்கிறது. உங்கள் வீட்டு வாசலில் நடுவீட்டுக் கோலம் போட்டு, உங்கள் பானையை நீங்கள் வைக்கலாம். பிள்ளைகள் மாட்டுப் பொங்கலன்று திரும்பியதும் மாலையில் மூவரும் சேர்ந்து வைத்தாலும் சரிதான். அப்படி வைத்தால் பால் பொங்கும்போது சங்கு ஊதும் வேலையைச் சின்னவளிடம் கொடுங்கள். பெரிய வீட்டில் அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் அந்த முறை அவளுக்கு வருமோ வராதோ.

தை முதல் நாள் காலையில் வீட்டில் தனியாக மட்டும் இருக்காதீர்கள். அன்றைக்குக் கடையும் இருக்காது, பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். கடிதத்தின் அந்தக் கடைசி வரியை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். போகி இரவே அண்ணன் வீட்டுக்குப் போய்விடுங்கள். கூப்பிட்டால் போகலாம் என்று காத்திருக்காமல், ‘இந்த வருஷம் உங்க வீட்டுலதான் பொங்கல்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அங்கே வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டுப் போங்கள், ஆனால் மனுஷர்களுக்கு நடுவில் அழுங்கள்.

எதை எப்போது செய்வது

இந்த வாரமே வீடியோ அழைப்பைத் திறந்துவிடுங்கள். கூடவே தீர்ப்பின் சான்றிட்ட நகல், நான்கு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, அவருடைய குரல் செய்தி, உங்கள் பதில்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். குரல் செய்தியை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள். நான் எழுதித் தந்த செய்தியை டிசம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். அவர் சம்மதித்தால், அதையே இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவாக நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அப்போது ‘பாதி’ என்ற அந்த வரிக்குப் பதிலாக ஆண்டு முறைப்படி ஒரு பட்டியல் வந்துவிடும். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில், விவாகரத்து முடிந்த பிறகும் பிள்ளைகள் தொடர்பான உத்தரவைத் திருத்தக் கேட்க இடமிருக்கிறது.

அவர் சம்மதிக்காவிட்டாலும், பத்து நாளில் பதிலே வராவிட்டாலும், அதே பிரிவில் நீங்கள் மனு போடுங்கள். மனுவோடு, பொங்கலுக்கு மட்டும் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். கிறிஸ்துமஸை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் நீதிமன்றத்துக்கும் விடுமுறை வந்துவிடும். ஜனவரியில் ஓடிவந்தால் பண்டிகைக்குள் விசாரணைக்கு எடுப்பது கடினம். சட்ட உதவி மனுவை இந்த வாரமே கொடுத்தால்தான் வக்கீல் நியமனம் ஆகி, டிசம்பர் நடுவிலாவது மனு ஏற்கப்பட்டு எண் பெறும்.